இருபத்தோராம் நொடியில் யார் பேசுவது?

ஒருவரை அழைக்கிறோம். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, அவர் எடுக்கவில்லை. இருபது நொடி கழிந்ததும் மணி நின்று ஒரு குரல் கேட்கிறது: ‘நீங்கள் அழைத்தவர் இப்போது இடத்தில் இல்லை. பீப் ஒலிக்குப் பிறகு உங்கள் செய்தியைச் சொல்லுங்கள்.’ அவருடைய போன்தான் நமக்குப் பதில் சொல்கிறது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் வேறொரு நேரத்தில் அவருடைய போன் சார்ஜ் இறங்கி அணைந்து கிடக்கலாம். லிஃப்டுக்குள் சிக்னல் இல்லாமல் இருக்கலாம். அப்போதும் அந்தக் குரல் தவறாமல் பேசும். ஏனென்றால் அது போனிலிருந்து வருவதல்ல. எங்கோ ஓர் அறையில் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலிருந்து வருகிறது. அந்தக் கணினியில் அவர் பேருக்கு ஒரு பெட்டி ஒதுக்கியிருக்கிறார்கள். வாய்ஸ்மெயில் என்று நாம் சொல்லும் குரலஞ்சலில் முக்கியமானவை இரண்டுதான்: ஒன்று அந்தப் பெட்டி, இன்னொன்று அதன் வாசலில் நின்று பேசும் வரவேற்புக் குரல்.

முதலில் அந்த இருபத்தோராம் நொடியைப் பார்ப்போம். மணி அடித்து ஓய்ந்ததும் தொலைபேசி இணைப்பகம் அழைப்பைத் துண்டிப்பதில்லை, வேறோர் எண்ணுக்குத் திருப்பி விடுகிறது. செல்போன்களுக்கான ஜிஎஸ்எம் தரத்தில் இதற்கு நான்கு சூழல்களை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். வரும் அழைப்புகள் அத்தனையையும் திருப்ப 21. எடுக்காவிட்டால் மட்டும் திருப்ப 61. சிக்னல் எட்டாமலோ அணைந்தோ இருந்தால் 62. வேறொருவரோடு பேசிக்கொண்டிருந்தால் 67. உங்கள் செல்போனில் *#61# என்று அடித்து அழைப்புப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். நீங்கள் எடுக்காத அழைப்புகள் எங்கே போகும்படி அமைத்திருக்கிறது என்று பெரும்பாலான இணைப்புகளில் திரையிலேயே வரும். எத்தனை நொடி பொறுத்துத் திருப்புவது என்பதும் நம் விருப்பம்தான். 5 நொடியிலிருந்து 30 நொடிவரை, ஐந்தைந்தாகக் கூட்டி வைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. ஆயிரம் பேர் எடுக்காமல் விட்ட அழைப்புகளும் ஒரே குரலஞ்சல் எண்ணுக்குத்தான் வந்து சேர்கின்றன. எந்த அழைப்பை யாருடைய பெட்டியில் போடுவது? அழைத்தவருடைய எண்ணை வைத்து இதைச் சொல்ல முடியாது. ஆகவே திருப்பி விடும் அழைப்போடு, அவர் முதலில் அழைத்த எண்ணையும் இணைப்பகம் சேர்த்து அனுப்புகிறது. வீடு மாறிப் போனவருக்கு வரும் கடிதத்தில் தபால்காரர் பழைய முகவரியை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் புதியதை எழுதுவார். அடித்தது படிக்கும்படியே இருக்கும். அதே ஏற்பாடுதான் இது. சில அலுவலகங்களை அழைக்கும்போது, செய்தி சொல்ல வந்த நம்மிடமே ‘பெட்டி எண்ணை அழுத்துங்கள்’ என்று இயந்திரம் கேட்கும். வழியில் எங்கேயோ அந்தப் பழைய முகவரி விட்டுப்போயிற்று என்பதுதான் பெரும்பாலும் அதற்குக் காரணம். அமைத்தவர் ஒருமுறை வெளியிலிருந்து தானே அழைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஆளில்லாத தொலைபேசியில் செய்தி விட்டுப் போக வேண்டும் என்ற ஆசை கணினியைவிட மிகவும் பழையது. டென்மார்க்கைச் சேர்ந்த வால்டமார் பவுல்சன் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் தொழில்நுட்பப் பணியாளராக இருந்தவர். அழைத்தவர் யாருமில்லை என்று திரும்பிப் போகாமல், சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுப் போக ஒரு வழி வேண்டும் என்று அவர் நினைத்தார். 1898ல் ‘டெலிகிராஃபோன்’ என்ற கருவிக்குக் காப்புரிமை கோரினார். ஓர் உருளையில் எஃகுக் கம்பியைச் சுருள்சுருளாகச் சுற்றி, பேச்சிலிருந்து வரும் மின்னோட்டத்தை ஒரு சிறு மின்காந்தத்தில் செலுத்தி, அந்த மின்காந்தம் கம்பியின்மேல் ஊர்ந்துபோகும்படி செய்தார். குரலின் ஏற்றத்தாழ்வு காந்தத்தின் ஏற்றத்தாழ்வாகக் கம்பியில் தங்கியது. பிற்காலத்து டேப் ரெக்கார்டர், கேசட், ஹார்டு டிஸ்க் எல்லாவற்றுக்கும் மூத்தது இந்தக் கம்பிதான். 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் யோசஃப் இதன்முன் பேசிய சில வாக்கியங்கள் இன்றும் இருக்கின்றன. காந்தத்தில் பதிந்து நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய குரல் அதுவே. ஆனால் ஒலியைப் பெருக்கும் டிரையோடு வால்வு 1906ல்தான் வந்தது. அதுவரை பவுல்சனின் கருவியில் பதிந்ததைக் காதில் வைத்து மெல்லிய குரலாக மட்டுமே கேட்க முடிந்தது. கருவி வணிகத்தில் தோற்றது.

அடுத்து நடந்தது வருத்தம் தரும் கதை. 1930களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்பவர் காந்த நாடாவில் பதியும் பதில் இயந்திரத்தைச் செய்துகாட்டினார். ஆய்வகத்தின் உரிமையாளரான ஏடி அண்டு டி நிறுவனம் அதை வெளியே விடவில்லை. பேசுவதெல்லாம் பதிவாகிவிடுமோ என்று பயந்து மக்கள் போனில் பேசுவதைக் குறைத்துக்கொள்வார்கள் என்று மேலிடம் நினைத்தது. ஹிக்மனின் ஆய்வகக் குறிப்பேடுகளைப் பல பத்தாண்டுகள் கழித்துப் புரட்டிய வரலாற்றாசிரியர் மார்க் கிளார்க் இதை வெளிக்கொண்டுவந்தார். குரலைப் பதிந்து வைக்கும் வசதி பேச்சைக் குறைக்கும் என்பது எவ்வளவு பெரிய தவறான கணிப்பு! பிற்பாடு நடந்தது நேர்மாறு.

வீட்டு மேசையில் வைத்த பதில் இயந்திரம் ஒரு போனுக்கு ஒன்று. ஒரே அமைப்பில் ஆயிரக்கணக்கான பெட்டிகள் என்பது வேறு சிந்தனை. அதற்கு வணிக வடிவம் கொடுத்தவர் டல்லாஸைச் சேர்ந்த கார்டன் மேத்யூஸ். ‘நீங்கள் இல்லாதபோது இன்னார் அழைத்தார்’ என்று உதவியாளர்கள் எழுதி வைக்கும் துண்டுச் சீட்டுகள்தான் அதுவரை அலுவலகங்களின் நினைவாற்றல். சீட்டில் பெயர் தப்பாகும், எண் தப்பாகும், எழுதியவரின் கையெழுத்து புரியாது. எல்லாம் சரியாக இருந்தாலும் சொன்னவரின் குரல் அதில் இருக்காது. மேத்யூஸ் 1979ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1983ல் பெற்றார். 1980ல் 3எம் நிறுவனம் அவருடைய அமைப்பை வாங்கிக்கொண்டது. அதன் முதல் வரவேற்புக் குரலைப் பதிந்து கொடுத்தவர் அவர் மனைவி மோனிகா.

நாடாவுக்கும் கணினிக்கும் உள்ள பெரிய வேறுபாடு, கணினியில் ஒவ்வொரு குரலுக்கும் ஒரு முகவரி உண்டு என்பது. நாடாவில் ஏழாவது செய்தியைக் கேட்க ஆறையும் ஓட்டித் தள்ள வேண்டும். எண்ணாக மாறிய குரலை நேரே போய் எடுக்கலாம். தொலைபேசிக் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதுகிறார்கள். ஒரு நிமிடப் பேச்சுக்கு 4,80,000 பைட். வட்டுகள் விலை உயர்ந்த காலத்தில் இது பெரிய சுமை. ஆகவே குரலைச் சுருக்கும் கலை வளர்ந்தது.

அந்தக் கலையில் என்னை அதிகம் வியக்க வைப்பது, செல்போனுக்காக உருவாகி, குரலஞ்சல் பெட்டிகளிலும் இடம்பிடித்த ஜிஎஸ்எம் சுருக்கம். அது ஒலியை அப்படியே சுருக்குவதில்லை. ஒலி பிறந்த இடத்தைக் கணக்கிடுகிறது. பேச்சை 20 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டிலும், அந்த நேரத்தில் பேசியவரின் தொண்டையும் வாயும் எந்த வடிவக் குழாயாக இருந்திருக்க வேண்டும் என்பதை எட்டு எண்களில் குறிக்கிறது. குரல்நாண்கள் எந்த இடைவெளியில் அதிர்ந்தன என்பதைத் தனியாகக் குறிக்கிறது. இவ்விரண்டிலும் அடங்காத மிச்சத்தைச் சில துடிப்புகளாக எழுதுகிறது. மொத்தம் 260 பிட். அதில் 36 பிட்டுக்குள் வாயின் வடிவம் அடங்கிவிடுகிறது. ஒரு நிமிடப் பேச்சு 99,000 பைட்டுக்குள் வந்துவிடும். முன்பு ஆனதில் ஐந்தில் ஒரு பங்குதான். நாம் பெட்டியைத் திறந்து கேட்கும்போது கணினி அந்தக் குழாயை நொடிக்கு ஐம்பது முறை மறுபடி கட்டி, அதில் அதிர்வைச் செலுத்துகிறது. அம்மாவின் குரல் என்று நாம் உடனே அறிவது, அம்மாவின் தொண்டை வடிவத்தின் கணக்கிலிருந்து திரும்பப் பிறந்த ஒலியை.

வரவேற்புக் குரலைப் பதிபவர்களுக்கு இதில் நேரடியான பாடம் ஒன்று இருக்கிறது. மனிதக் குரலுக்காகவே வகுத்த சுருக்கம் வீணையையோ மிருதங்கத்தையோ அறியாது. பின்னணியில் பாட்டு ஓடவிட்டுப் பதிந்த வரவேற்பு, கேட்பவர் காதில் கரகரத்துப் போவதற்குக் காரணம் இதுதான். பாட்டையும் பேச்சையும் சேர்த்து ஒரே தொண்டைக்குள் பொருத்த கணக்கு திணறுகிறது. அமைதியான அறையில் ஒற்றைக் குரலாகப் பதிவதே நல்லது.

இனி ஒரு பெட்டி எப்படிப் பிறக்கிறது என்று கிட்டப் போய்ப் பார்க்கலாம். உலகெங்கும் சிறு அலுவலகங்கள் முதல் பெரிய அழைப்பு மையங்கள் வரை பயன்படுத்தும் ‘ஆஸ்டெரிஸ்க்’ என்ற திறந்த மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கல்லூரி மாணவராக இருந்த மார்க் ஸ்பென்சர் ஒரு சிறு நிறுவனம் நடத்திவந்தார். அதற்கு ஓர் இணைப்பகம் வாங்கப் பணம் போதவில்லை. எனவே 1999ல் தானே ஒன்றை எழுதிக்கொண்டு, எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவிட்டார்.

ஆஸ்டெரிஸ்க்கில் ஒரு பெட்டி என்பது அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி. பெட்டியின் எண், அதைத் திறக்கும் ரகசிய எண், உரியவரின் பெயர், விரும்பினால் மின்னஞ்சல் முகவரி. அவ்வளவுதான். முதல் செய்தி வந்து சேரும்போது, அந்தப் பெட்டி எண்ணின் பெயரில் வட்டில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் இன்பாக்ஸ். முதல் செய்திக்கு 0000 என்று எண், அடுத்தது 0001. ஒவ்வொரு குரல் கோப்புக்கும் பக்கத்தில் அதே எண்ணில் ஒரு சிறு எழுத்துக் கோப்பு: அழைத்தவர் எண், அழைத்த நேரம், எத்தனை நொடி பேசினார் என்ற விவரங்கள் அதில் இருக்கும். செய்தியைக் கேட்டு முடித்ததும் அது ‘பழையவை’ என்ற ஃபோல்டருக்குப் போகும். வேலை, குடும்பம், நண்பர்கள் என்று இன்னும் மூன்று ஃபோல்டர்கள் உண்டு. நடுவில் ஒரு செய்தியை அழித்தால் அதற்குப் பின்னால் இருந்தவை எல்லாம் ஓரெண் முன்னே நகர்ந்து வரிசையை நிரப்பிக்கொள்ளும்.

அதே ஃபோல்டரில்தான் வரவேற்புக் குரல்களும் இருக்கின்றன. நான்கு வகை. ஆள் எடுக்காதபோது ஒன்று. வேறு அழைப்பில் இருக்கும்போது ஒன்று. பெயர் மட்டும் ஒன்று. நான்காவது, தற்காலிக வரவேற்பு. இந்த நான்காவதில் இருக்கும் யோசனை எனக்குப் பிடிக்கும். விடுப்பில் போகிறவர் ‘திங்கட்கிழமை திரும்புவேன்’ என்று பதிந்தால், அது மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் நின்று பேசும். திரும்பி வந்து அதை நீக்கினால் பழைய வரவேற்பு அப்படியே இருக்கும். மறுபடி பதிய வேண்டியதில்லை. நீக்க மறந்துபோவார்கள் என்பதையும் எழுதியவர்கள் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் ‘தற்காலிக வரவேற்பு இன்னும் இருக்கிறது’ என்று நினைவூட்டும்படி அமைத்துக்கொள்ளலாம். மூன்று மாதம் முன்பு முடிந்துபோன விடுப்பைப் பற்றி ஓர் அலுவலகத்தின் குரல் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்டவர்களுக்கு இந்த வசதியின் அருமை தெரியும்.

எதையுமே பதியாமல் விட்டவருக்கு என்ன ஆகும்? இயந்திரம் தானே ஒரு வாக்கியம் கட்டும். ‘இந்த எண்ணில் இருப்பவர்’ என்று ஒரு துண்டு, எண்ணின் இலக்கங்கள் ஒவ்வொன்றாக, பிறகு ‘இப்போது இல்லை’ என்று ஒரு துண்டு. எல்லாம் முன்கூட்டியே யாரோ ஒரு குரல் கலைஞர் பதிந்து கொடுத்தவை. பெயரை மட்டும் பதிந்திருந்தால், எண் வர வேண்டிய இடத்தில் உங்கள் குரலில் உங்கள் பெயர் வரும். அந்நியர் ஒருவரின் வாக்கியத்துக்கு நடுவே உங்கள் குரலில் ஒரு சொல். அதனால்தான் பெயரைப் பதியும்போது முற்றுப்புள்ளி வைப்பதுபோல் குரலைத் தாழ்த்தி முடிக்கக் கூடாது. வாக்கியம் தொடரப் போகிறது என்ற தொனியில் சமமாகச் சொல்லி நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டுப்போட்ட இடம் காதில் தட்டும்.

துண்டுகளை ஒட்டி வாக்கியம் கட்டுவது ஆங்கிலத்தில் எளிது. மற்ற மொழிகளில் அவ்வளவு எளிதல்ல. போலந்து மொழியில் ஒரு செய்திக்கு ஒரு வடிவம், இரண்டு மூன்று நான்குக்கு வேறு வடிவம், ஐந்து முதல் பெரும்பாலும் இன்னொரு வடிவம். ஆகவே ஆஸ்டெரிஸ்க்கில் ‘உங்களுக்கு இத்தனை செய்திகள்’ என்று சொல்லும் பகுதியைச் சில மொழிகளுக்குத் தனித்தனி நிரலாகவே எழுதியிருக்கிறார்கள். தமிழில் ஒரு குரலஞ்சல் அமைக்க உட்கார்ந்தால் நம் இலக்கணமும் உடனே மேசைக்கு வந்துவிடும். இருபது என்று ஒரு கோப்பு, ஐந்து என்று ஒரு கோப்பு இரண்டையும் ஒட்டினால் ‘இருபது ஐந்து’ என்று வரும். நமக்கு வேண்டியது இருபத்தைந்து. நூறு நூற்றாகும், ஆயிரம் ஆயிரத்தாகும். ஆகவே ஒன்றிலிருந்து தொண்ணூற்றொன்பது வரை முழுதாகவே பதிந்துகொள்வது உத்தமம். பெயர்களில் சிக்கல் இன்னும் அதிகம். ‘முருகனுக்கு’, ‘மீனாவுக்கு’, ‘செல்விக்கு’ என்று வேற்றுமை உருபு பெயரோடு கலந்துவிடுவதால், பதிந்த பெயருக்குப் பின்னால் ‘க்கு’ என்று தனிக் கோப்பை ஒட்ட முடியாது. பெயர் மாறாமல் நிற்கும்படி வாக்கியத்தை அமைக்க வேண்டும்.

இந்த இடத்தில் தமிழ் ஒரு பெரிய உதவியும் செய்கிறது. வந்தான், வந்தாள், வந்தார் என்று வினைமுற்று ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் ‘இல்லை’ மாறாது. மேலதிகாரியானாலும் கடைநிலை ஊழியரானாலும், ஆணானாலும் பெண்ணானாலும், ‘முருகன் இப்போது இடத்தில் இல்லை’, ‘மீனா இப்போது இடத்தில் இல்லை’. ஒரே கோப்பு, எல்லோருக்கும் பொருந்தும், யாருக்கும் மரியாதைக் குறைவில்லை. குரலஞ்சல் வரவேற்புக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் இருக்காது என்று தோன்றுகிறது.

பெட்டியைத் திறக்க நாம் பொத்தான்களை அழுத்துகிறோம். குரல் மட்டுமே போகும் வழியில் இயந்திரம் அந்த எண்களை எப்படி அறிகிறது? ஒவ்வொரு பொத்தானுக்கும் இரண்டு சுருதிகள். மேலிருந்து கீழாக நான்கு வரிசைக்கு 697, 770, 852, 941 ஹெர்ட்ஸ். இடமிருந்து வலமாக 1209, 1336, 1477. நடுவிலுள்ள 5ஐ அழுத்தினால் 770ம் 1336ம் சேர்ந்து ஒலிக்கும். இந்த எண்கள் ஏன் இப்படி ஒழுங்கில்லாமல் இருக்கின்றன என்று தோன்றும். ஒன்று மற்றொன்றின் மடங்காக அமையாதபடி வேண்டுமென்றே தேர்ந்தவை இவை. மனிதக் குரலும் இசைக்கருவியும் மடங்குச் சுருதிகளிலேயே ஒலிப்பதால், பேச்சைக் கேட்டு இயந்திரம் பொத்தான் என்று ஏமாறக் கூடாது என்பது நோக்கம். 1963 நவம்பரில் பென்சில்வேனியாவின் இரண்டு சிற்றூர்களில் இந்தப் பொத்தான் போன்கள் முதன்முதலில் வீடுகளுக்கு வந்தன. அத்தனை கவனித்தும், எப்போதாவது சிலருடைய குரலின் ஒரு கணம் இரு சுருதிகளோடும் தற்செயலாகப் பொருந்திவிடும். செய்தி சொல்லும் நடுவே இயந்திரம் ‘பொத்தான் அழுத்தினார்’ என்று நினைத்துவிடும். அதைத் தவிர்க்க, இரண்டு சுருதிகளும் போதிய நேரம், ஏறத்தாழ ஒரே வலுவில், வேறு ஒலியின் கலப்பில்லாமல் இருக்கின்றனவா என்று சோதித்த பிறகே எண்ணை ஏற்கிறது.

நான் மேலே வியந்த அந்தச் சுருக்கம் இந்தச் சுருதிகளைச் சிதைத்துவிடும், தொண்டையில் பிறந்த ஒலி அல்லவே. ஆகையால் செல்போனில் நாம் அழுத்தும் 5 ஒலியாகப் போவதே இல்லை. ‘5 அழுத்தினார்’ என்ற தகவலாகப் போய், இணைப்பகத்தில்தான் சுருதியாக மாறுகிறது.

இத்தனை நுட்பமும் சரியாக அமைந்தாலும், மனிதர்கள் அந்த இயந்திரத்தின் முன் வாய் திறந்து பேசுவார்களா என்பது தனிக் கேள்வி. அதற்கு மிக நேர்மையாக விடை தேடிய முயற்சி என்று நான் கருதுவது, 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்குக்காக ஐபிஎம் ஆய்வாளர்கள் ஜான் கூல்ட், ஸ்டீபன் பாய்ஸ் முதலானோர் கட்டிய குரலஞ்சல் அமைப்பை. விளையாட்டு வீரர்களும் அதிகாரிகளுமாகச் சுமார் 10,000 பேருக்குப் பெட்டிகள். பன்னிரண்டு மொழிகள். உலகின் எந்த மூலையிலிருந்தும் பெற்றோர் அழைத்து, ‘நன்றாக ஓடு, நாங்கள் நினைத்துக்கொண்டே இருக்கிறோம்’ என்று சொல்லி வைக்கலாம். ஒலிம்பிக் கிராமத்தில் ஆங்காங்கே நிறுத்திய சாவடிகளில் வீரர் தன் அடையாளத்தைத் தட்டிவிட்டு அந்தக் குரலைக் கேட்கலாம். கணினியையே முன்பின் தொடாதவர்கள், பயிற்சி எதுவும் பெறாதவர்கள், போட்டிக்கு முந்தைய பதற்றத்தில் இருப்பவர்கள். இவர்களுக்கு முதல் முயற்சியிலேயே வேலை செய்தாக வேண்டும். ஒத்திவைக்க முடியாத தேதி வேறு.

அவர்கள் செய்ததில் எனக்குப் பெரிதாகப் படுவது, நிரல் எழுதுவதற்கு முன்னால் பயனர் கையேட்டை எழுதியது. வீரர் என்ன கேட்பார், என்ன அழுத்துவார், ஊரிலிருக்கும் அப்பா என்ன சொல்வார் என்று உரையாடல்களாக எழுதி, பலரிடம் படிக்கக் கொடுத்தார்கள். சாவடி எப்படி இருக்கும் என்று காட்ட, யார்க்டவுன் ஹைட்ஸ் ஆய்வகத்தின் நடைவழியில் உள்ளீடற்ற ஓர் உருளையை நிறுத்தி, போகிற வருகிறவர்களிடமெல்லாம் கருத்துக் கேட்டார்கள். ‘முடிந்தால் உடைத்துப் பாருங்கள்’ என்று மாணவர்களை அழைத்து விட்டார்கள். ஒவ்வொரு முறையும் இயந்திரம் சொல்லும் வாசகங்கள் மாறின, குறுகின. வீரர்களின் கிராமங்கள் திறந்திருந்த நான்கு வாரங்களில் சாவடிகளை 40,000 முறைக்கு மேல் பயன்படுத்தினார்கள். கணக்குப் போட்டால், இரவு பகல் பார்க்காமல் நிமிடத்துக்கு ஒரு முறை. இந்த அனுபவத்தை அவர்கள் 1987ல் எழுதிய கட்டுரை, பயனரை முன்னிறுத்தி வடிவமைப்பது பற்றிப் படிப்பவர்களுக்கு இன்றும் பாடமாக இருக்கிறது. என் பார்வையில் அதன் சாரம் எளியது: வரவேற்புக் குரல் கடைசியில் ஒட்டும் அலங்காரம் அல்ல, கட்டடத்தை அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பெட்டியின் பூட்டைப் பற்றி அழுத்தமாகவே சொல்ல வேண்டும். புதிய பெட்டிக்கு ஓர் ஆரம்ப ரகசிய எண் கொடுப்பார்கள். பலர் அதை மாற்றுவதே இல்லை. பிரிட்டனில் ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்’ பத்திரிகைக்காக வேலை செய்தவர்கள் மற்றவர்களின் குரலஞ்சலைத் திருட்டுத்தனமாகக் கேட்க இந்த அலட்சியமே பெரிதும் உதவியது. பெரிய தொழில்நுட்பம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. எண்ணை அழைத்து, வரவேற்புக் குரல் வரும்வரை பொறுத்து, எல்லோருக்கும் தெரிந்த அந்த ஆரம்ப எண்ணை அழுத்தினார்கள். அரச குடும்பத்தவரின் பெட்டியும், காணாமல்போன ஒரு பள்ளிச் சிறுமியின் பெட்டியும் அதற்கு இலக்காயின. விஷயம் வெளியானபோது எழுந்த கோபத்தில், 168 ஆண்டுகள் வெளிவந்த அந்தப் பத்திரிகை 2011 ஜூலை 10 அன்று தன் கடைசி இதழோடு மூடப்பட்டது. ஆஸ்டெரிஸ்க்கில் இதற்கு ஓர் அழகான தடுப்பு உண்டு. அதற்கேற்ப அமைத்திருந்தால், ரகசிய எண்ணும் பெட்டி எண்ணும் ஒன்றாகவே இருக்கும்போது வந்திருப்பவர் புதியவர் என்று அது புரிந்துகொள்கிறது; எண்ணை மாற்றச் சொல்கிறது. பெயரைப் பதியாமல் அவரை மேலே போக விடாதபடியும் அமைக்கலாம்.

இந்தியாவில் குரலஞ்சலைத் தனியாருக்கு 1992லேயே திறந்துவிட்டார்கள், செல்போன் சேவை வருவதற்கு மூன்று ஆண்டு முன்பே. இருந்தும் அது மக்களிடம் ஒட்டவில்லை. அப்போது குரலஞ்சல் எடுத்துவிட்டால் அழைத்தவருக்குக் காசு ஆனது. மிஸ்டு கால் கொடுத்தால் ஆகவில்லை. ‘வந்து சேர்ந்துவிட்டேன்’, ‘கீழே நிற்கிறேன்’, ‘கூப்பிடு’ என்பதையெல்லாம் ஒரு மணியோசையிலேயே சொல்லத் தெரிந்த நமக்குப் பெட்டி தேவைப்படவில்லை. பிறகு 2013ல் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது. அதன்பின் நாமும் பேசிப் பதியத் தொடங்கினோம். உலகம் முழுவதும் அதில் ஒரு நாளில் சராசரியாக 700 கோடி குரல் செய்திகள் போகின்றன என்று 2022ல் அந்நிறுவனம் சொன்னது. ஹிக்மனின் மேலதிகாரிகள் பயந்ததற்கு இதைவிடப் பெரிய மறுப்பு வேண்டியதில்லை.

வாட்ஸ்அப்பில் இல்லாதது ஒன்று உண்டு, வரவேற்புக் குரல். அழைத்தவரை யாரும் வரவேற்பதில்லை, எப்போது பதில் வரும் என்று யாரும் சொல்வதில்லை. மருத்துவமனை, பள்ளி, வழக்கறிஞர் அலுவலகம், ஊராட்சி அலுவலகம் போன்ற இடங்களை அழைப்பவர் பெரும்பாலும் ஒரு கவலையோடு அழைக்கிறார். அங்கே இருபத்தோராம் நொடியில் கேட்கும் குரலுக்குப் பொறுப்பு அதிகம்.

உங்கள் மேசையிலும் ஓர் எக்ஸ்டென்ஷன் இருந்தால் இன்றைக்கே சில காரியங்களைச் செய்துவிடுங்கள். ரகசிய எண்ணை மாற்றுங்கள். உங்கள் பெயரை உங்கள் குரலில் பதியுங்கள். வரவேற்பைப் பதினைந்து நொடிக்குள் முடியுங்கள்: நீங்கள் யார், என்ன விவரம் விட்டுப் போக வேண்டும், எப்போது திரும்ப அழைப்பீர்கள். அவசரத்துக்கு வேறு எண் இருந்தால் அதைக் கடைசியில் சொல்லாதீர்கள், முதலில் சொல்லுங்கள். எல்லாம் முடிந்ததும் வெளியிலிருந்து உங்கள் எண்ணை நீங்களே ஒருமுறை அழைத்து, எடுக்காமல் விட்டு, அந்தக் குரலைக் கடைசிவரை கேளுங்கள்.